மூடி ஆன்டெனா வாங்கலாமா? ஒரு மழைக்காலம் கழித்து எழுதும் விமர்சனம்

நகரக் குடிநீர் மீட்டர்களைப் பராமரிக்கும் களப்பணிக் குழுவில் இருக்கிறேன். மீட்டர் குழியின் மூடியைத் தூக்கிவிட்டு முதுகைப் பிடித்துக்கொள்வது, குழிக்குள் தலையை விடுவது, "ரீடிங் வரலை" என்று அலுவலகம் தரும் பட்டியலோடு தெருத்தெருவாக அலைவது, இதுதான் வேலை. வயர்லெஸ் மீட்டர் வந்தால் இந்த அலைச்சல் போய்விடும் என்றார்கள். பெரும்பாலும் போய்விட்டது, மறுக்கவில்லை. ஆனால் பேசாமல் அடம்பிடிக்கிற மீட்டர்கள் கொஞ்சம் உண்டே, அவை பழைய முறையில் வைத்ததைவிட அதிக வேலை வைக்கின்றன. அவற்றுக்காக வாங்கிய சாமான்களைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

வாங்கியவை மூன்று. முதலாவது, மூடியில் துளை போட்டுப் பொருத்தும் ஆன்டெனா. பார்க்கக் காளான் மாதிரி இருக்கும்: குடை மூடிக்கு மேலே, தண்டு துளை வழியாகக் குழிக்குள்ளே, தண்டிலிருந்து ஒரு கேபிள் மீட்டரின் ரேடியோ பெட்டிக்கு. இரண்டாவது, வார்ப்பிரும்பு மூடிக்குப் பதிலாகப் போடும் ஃபைபர் கலந்த பிளாஸ்டிக் மூடி. மூன்றாவது, உயரமான கட்டடத்து மொட்டைமாடியில் இருக்கும் கேட்வேக்கு, அதாவது மீட்டர்கள் பேசுவதைக் கேட்டுச் சர்வருக்கு அனுப்பும் பெட்டிக்கு, ஒரு 'ஹை கெயின்' (தூரத்துக்கு எட்டும்) ஆன்டெனா. முழுதும் படிக்க நேரமில்லாதவர்களுக்கு: காளான் நல்ல பொருள், ஆனால் கனெக்டரைப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் மூடியைத் தயங்காமல் வாங்கலாம். மூன்றாவதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டோம். அந்தக் கூத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எந்த மீட்டருக்கு இதெல்லாம் தேவை என்பதைப் பார்க்க வேண்டும். மீட்டர் அனுப்புவது பெரும்பாலும் மொத்தக் கணக்கு, அதாவது முகப்பில் ஓடுகிற அதே எண். நடுவில் நாலு செய்தி தொலைந்தாலும் ஐந்தாவது வந்து சேர்ந்தால் பில் போடுவதற்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே மாதக் கணக்குக்கு மட்டும் மீட்டர் வைத்திருந்தால், பத்தில் மூன்று செய்தி தொலைகிற மீட்டரைப் பார்த்துப் பதறத் தேவையே இல்லை. கசிவு கண்டுபிடிக்க வைத்திருந்தால் கதை வேறு. ஊரே தூங்குகிற இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் ஒரு வீட்டில் தண்ணீர் விடாமல் ஓடுகிறதா என்று தெரிய மணிக்கணக்கு ரீடிங் வேண்டும், அதில் ஓட்டை விழுந்தால் கசிவும் அந்த ஓட்டை வழியாகவே நழுவிவிடும். எங்கள் பட்டியலில் இந்த இரண்டு வகையையும் பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆர்டர் போட்டது எங்கள் தப்பு. விற்றவரும் பிரிக்கச் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லப்போகிறார்.

சிக்னல் ஏன் வரவில்லை என்று கேட்டால் எல்லோரும் உடனே வானத்தைப் பார்க்கிறார்கள். கேட்வே தூரம், நடுவில் கட்டடம், மரம் என்று காரணம் சொல்வார்கள். அதெல்லாம் உண்டுதான், ஆனால் எங்கள் அனுபவத்தில் பாதிக்கு மேல் சிக்னல் செத்தது முதல் ஒரு அடியிலேயே, குழியை விட்டு வெளியே வருவதற்குள். இந்த வகை மீட்டர்கள் பேசும் அலைவரிசை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865 முதல் 868 வரை, வட அமெரிக்காவில் 902 முதல் 928 வரை. எதுவானாலும் அலைநீளம் ஒரு அடிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அனுப்பும் சக்தியும் சொற்பம். ஐரோப்பாவில் இவற்றுக்குப் பொதுவான வரம்பு 25 மில்லிவாட், நம் கையில் இருக்கும் 4ஜி போன் 200 மில்லிவாட் வரை போகும். இத்தனூண்டு சக்தியைக் கொண்டுபோய் இரும்பு மூடிக்கு அடியில் வைத்துவிட்டு 'மாடிக்குக் கேட்கிறதா' என்றால், மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாகவும், தூக்குவதற்கு விட்ட துளை வழியாகவும் கசிகிறதுதான் கேட்கும்.

அதன் மேல் தண்ணீர் வேறு. மழை பெய்தால் குழி நிறையும். ஆன்டெனா தண்ணீருக்குள் போனால் சிக்னலைத் தண்ணீர் விழுங்குவது ஒரு பக்கம். ஆன்டெனாவின் சுருதியே மாறிவிடுவது இன்னொரு பக்கம். காற்றில் இருப்பதற்காக அளந்து செய்த நீளம் தண்ணீருக்குள் செல்லாது, வேறு ஏதோ அலைவரிசைக்கு ஏற்றதாகிவிடும், கொடுக்கிற சக்தியில் பெரும்பகுதி வெளியே போகாமல் ரேடியோவுக்கே திரும்பி வரும். கோடையில் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த மீட்டர் முதல் பெருமழைக்கு மறுநாள் வாயடைத்துப் போனால் பேட்டரியைச் சந்தேகப்படாதீர்கள், குழியைத் திறந்து பாருங்கள். நாங்கள் சந்தேகப்பட்டோம். நன்றாக இருந்த சில ரேடியோக்களை மாற்றியும் விட்டோம், வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இங்கேதான் காசு செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது, காளானைப் பிரிப்பதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள். பல குழிகளில் ரேடியோ பெட்டி மீட்டரோடு சேர்த்துக் கட்டப்பட்டுத் தரையோடு கிடந்தது, சிலவற்றில் படுக்கையாக. வயர் நீளம் விடுகிற இடங்களில் அதை அவிழ்த்து, மூடிக்குச் சற்றுக் கீழே, நேராக நிற்கும்படி ஒரு கம்பியில் தூக்கிக் கட்டினோம். செய்ததெல்லாம் இவ்வளவுதான். மழை பெய்தாலும் தண்ணீர் அவ்வளவு மேலே ஏறுவதில்லை, மூடி இடுக்கும் பக்கத்தில் வந்துவிடுகிறது. பட்டியல் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. வாங்கி அடுக்கிய காளான்களில் பாதி அட்டைப்பெட்டியிலேயே உட்கார்ந்திருக்கின்றன, சரி, அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

இனி காளான். பொருத்துவது எளிது என்று அட்டையில் போட்டிருக்கிறது, பாதி உண்மை. சில மூடிகளில் இதற்கென்றே வட்டத்துளை வார்ப்பிலேயே இருக்கும், அங்கே ஐந்து நிமிட வேலை: மேலிருந்து விடு, கீழே நட்டை முறுக்கு, கேபிளைச் சொருகு. துளை இல்லாத வார்ப்பிரும்பு மூடியில் துளைபோடுவது ஒரு தவம். நிதானமாக, குறைந்த வேகத்தில், எண்ணெய் விடாமல் அறுக்க வேண்டும், கறுப்புப் பொடி முகமெல்லாம் அப்பும், மூக்குக் கவசம் இல்லாமல் செய்யாதீர்கள். கேபிளைக் கொஞ்சம் தளர்வாக விடுவது முக்கியம். இறுக்கமாக விட்டு வந்தோம், அடுத்து வேறு வேலைக்காக மூடியைத் திறந்தவர் கேபிளோடு சேர்த்துத் தூக்கிவிட்டார், காளான் ஒரு கையில் மூடி ஒரு கையில்.

குடை தரைக்கு மேல் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்த்து வாங்குங்கள். முதல் பெட்டியில் வந்தவை விரல் தடிமனுக்கு மேலே நின்றன. நடைபாதையில் யாராவது தடுக்கி விழுந்தால் பேச்சு நமக்குத்தான் வரும். பிறகு வந்த தட்டையான வகை பரவாயில்லை. சிக்னலில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் பொது இடத்துக்குத் தட்டையானதைத்தான் சொல்வேன்.

சரி, வேலை செய்கிறதா? செய்கிறது, அதுவும் நன்றாகவே. எங்கள் மீட்டர்கள் லோராவான் வகை, அதாவது குறைந்த சக்தியில் தூரத்துக்குப் பேசும் ரேடியோ முறை. இதில் சிக்னல் பலவீனமானால் மீட்டர் மெதுவாகப் பேச ஆரம்பிக்கும், எஸ்எஃப்7 என்ற வேகப் பேச்சிலிருந்து எஸ்எஃப்12 என்ற மெதுவான பேச்சு வரைக்கும் படிகள் உண்டு. காது மந்தமானவரிடம் ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொல்வது போலத்தான். ஒரு படி இறங்கினால் கேட்கும் திறன் இரண்டரை டெசிபல் அளவுக்குக் கூடும், பேச எடுக்கும் நேரமோ ஏறத்தாழ இரட்டிப்பாகும். எஸ்எஃப்7ல் பத்தில் ஒரு நொடிக்குள் முடிகிற சின்னச் செய்தி எஸ்எஃப்12ல் ஒரு நொடியைத் தாண்டும். அவ்வளவு நேரமும் பேட்டரி கரையும், அக்கம்பக்கத்து மீட்டரின் செய்தி மேல் போய் மோதவும் வாய்ப்பு அதிகம். காளான் போட்ட பிறகு எஸ்எஃப்12ல் முனகிக்கொண்டிருந்த பல மீட்டர்கள் தாமாகவே எஸ்எஃப்9க்கும் 8க்கும் ஏறிவந்தன, அதைச் சர்வரே பார்த்து மாற்றிவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. 'ரீடிங் வருகிறது' என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிந்தது. பல வருஷம் வரும் என்று சொல்லிக் கொடுத்த லித்தியம் பேட்டரி, எஸ்எஃப்12ல் கத்திக்கொண்டே இருந்தால் சொன்ன கெடுவுக்கு எங்கே வரும்?

மேலே கார் நின்றால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நின்றால் சிக்னல் இறங்கும், ஆனால் காருக்கு அடியில் காற்று இருக்கிறது, பக்கவாட்டில் வழி இருக்கிறது, பெரும்பாலும் எப்படியோ வந்துவிடுகிறது. கார் கிளம்பியதும் அடுத்த செய்தி வரும். இது பில்லுக்குப் பிரச்சினையே இல்லை.

குறை என்றால் கனெக்டர். முதல் மழை முடிந்த கையோடு காளான் போட்ட மீட்டர்களிலேயே சில பேச்சை நிறுத்திவிட்டன, போய்ப் பார்த்தால் திருகுகிற இணைப்புக்குள் பச்சை படிந்து கிடக்கிறது. ஆன்டெனாவுக்குப் போடும் கோஆக்ஸ் கேபிளில் (நடுவில் கம்பி, சுற்றிலும் உலோக வலை) இது ஒரு சாபம். முனையில் ஒரு சொட்டு ஈரம் புகுந்தால் போதும், உள்ளே இருக்கும் வலைப்பின்னல் விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல உறிஞ்சிக்கொண்டு கேபிள் நெடுகக் கொண்டுபோய்விடும், அப்புறம் முனையை எவ்வளவு துடைத்தும் பயனில்லை, கேபிளையே மாற்ற வேண்டும். அட்டையில் ஐபி68 என்று, தூசும் தண்ணீரும் புகாது என்பதற்கான தரக் குறியீடு, போட்டிருந்தது. இதை எல்லோரும் 'தண்ணீரில் எவ்வளவு நாள் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது' என்று புரிந்துகொள்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் என்று கணக்கு இருக்கிறது. ஐபி68க்கு ஆழமும் நேரமும் அதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும், எவ்வளவு என்பதைத் தயாரிப்பவரே சொல்லிவிடலாம். எங்கள் சாமானின் தகவல்தாளில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த நேரம், எங்கள் குழி தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் நாட்களுக்கு அருகில்கூட வரவில்லை.

புகார் சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். மாற்றிக் கொடுத்த வகையில் இணைப்புக்குள் ஜெல் நிரப்பியிருக்கிறது, சொருகும்போது ஜெல் பிதுங்கி வெளியே வர வேண்டும், வந்தால்தான் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த வகையில் இதுவரை ஒன்றும் போகவில்லை. இதைவிட நல்லது இணைப்பே இல்லாமல், ரேடியோவும் கேபிளும் ஆன்டெனாவும் தொழிற்சாலையிலேயே ஒன்றாக வார்த்து வருவது. புதிதாக மீட்டர் போடுகிறவர்கள் அதையே கேளுங்கள். பழைய திருகு வகைதான் கையில் இருக்கிறது என்றால், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள், சாதாரண கறுப்பு எலக்ட்ரிக் டேப் ஒரு மழைக்கு மேல் தாங்காது.

பிளாஸ்டிக் மூடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல சாமானுக்கு விமர்சனம் சின்னதாகத்தான் இருக்கும். ரேடியோ அலை அதன் வழியே தாராளமாகப் போகிறது, துளை வேண்டாம், காளான் வேண்டாம், கனெக்டர் வேண்டாம், ரேடியோவை மேலே தூக்கிக் கட்டிவிட்டு மூடிவிடலாம். எடை குறைவு, என் முதுகு வாழ்த்துகிறது. பழைய இரும்புக்குப் போட முடியாது என்பதால் திருடுகிறவனுக்கும் ஆர்வமில்லை. பார்க்க வேண்டியது தாங்கும் எடை மட்டும்தான்: நடைபாதைக்கு ஐரோப்பிய இஎன் 124 தரத்தில் பி125, வண்டி ஓடும் சாலைக்கு டி400, அந்த எண்கள் கிலோநியூட்டன், ஏறத்தாழ பன்னிரண்டரை டன்னும் நாற்பது டன்னும். நடைபாதை மூடியைக் கொண்டுபோய் லாரி திரும்புகிற இடத்தில் போடாதீர்கள். இன்னொன்று, மண் மூடிப்போன குழியை நாங்கள் உலோகம் தேடும் கருவியால்தான் கண்டுபிடிப்போம், பிளாஸ்டிக் மூடி அதற்கு அகப்படாது. அடியில் இரும்புத் துண்டோ காந்தமோ பதித்து வரும் மூடிகள் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த மாடிக் கூத்து. விற்க வந்தவர் எங்களிடம், கேட்வேயில் இருக்கும் சின்ன ஆன்டெனாவை எடுத்துவிட்டு 8 டிபிஐ (ஆன்டெனாவின் கெயினை அளக்கும் அலகு) ஹை கெயின் போட்டால் ஊர் முழுக்கக் கேட்கும், குழிக்குள் இறங்கவே வேண்டாம் என்றார். குழிக்குள் இறங்க வேண்டாம் என்ற சொல்லுக்கு நான் மயங்காவிட்டால் வேறு யார் மயங்குவார்கள்? போட்டோம். மறுநாள் பட்டியலைப் பார்த்தால் தூரத்து மீட்டர்கள் சில புதிதாக வந்திருக்கின்றன, உண்மைதான், ஆனால் கட்டடத்துக்கு அடியிலேயே, அண்ணாந்தால் ஆன்டெனா தெரிகிற தெருவில் இருக்கும் மீட்டர்கள் வரிசையாகக் காணாமல் போயிருந்தன.

ஆன்டெனா புதிதாகச் சக்தியை உண்டாக்குவதில்லை, இருப்பதைத் திருப்பிவிடுகிறது. எல்லாப் பக்கமும் கேட்கும் குத்துக்கம்பி ஆன்டெனாவின் காதை உளுந்துவடை வடிவமாக நினைத்துக்கொள்ளுங்கள், கம்பி நடு ஓட்டையில் நிற்கிறது. கெயின் கூடக் கூட அந்த வடையைத் தட்டி அப்பளமாக்குகிறோம், தூரத்துக்கு எட்டும், ஆனால் மேலும் கீழும் காது செவிடாகிவிடும். நாற்பது மீட்டர் உயர மாடியிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி இருக்கும் குழியைப் பார்க்க முப்பது டிகிரிக்கு மேல் கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும், அந்தக் கோணத்தில் அப்பளத்துக்கு ஒன்றும் கேட்காது. இதை விற்றவர் சொல்லியிருக்க வேண்டும், நாங்களும் கேட்டிருக்க வேண்டும். சமதரையில், தாழ்வான கம்பத்தில், தூரத்து மீட்டர்களுக்காக என்றால் இதே ஆன்டெனா நன்றாகவே வேலை செய்யும். ஆகையால் பொருள் மோசமில்லை, எங்கள் மாடிக்குத்தான் பொருந்தவில்லை.

பழைய 3 டிபிஐ ஆன்டெனாவையே திரும்பப் போடப் போனபோதுதான் கேபிளைக் கவனித்தோம். பத்து மீட்டர் ஆர்ஜி-58, விரலைவிட மெல்லியது, யாரோ கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த அலைவரிசையில் அது மீட்டருக்கு அரை டெசிபல் வாக்கில் தின்னும், பத்து மீட்டருக்கு ஐந்து டெசிபல், அதாவது ஆன்டெனா கேட்டதில் மூன்றில் இரண்டு பங்கு கேட்வே போய்ச் சேர்வதற்குள் காலி. ஹை கெயின் போட்டு நாங்கள் சம்பாதிக்க நினைத்த அளவும் ஏறத்தாழ அதேதான்! கேட்வே பெட்டியையே தூக்கி ஆன்டெனாவுக்குக் கீழே கம்பத்தில் மாட்டினோம், நீளமாகப் போவது இப்போது மின்சாரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும் நெட்வொர்க் கேபிள் மட்டும், அதில் ரேடியோ சிக்னல் இழப்புக்கே இடமில்லை. தூரத்து மீட்டர்களும் வந்தன, பக்கத்து மீட்டர்களும் திரும்பி வந்தன. அதே மாடியில் செல்போன் ஆன்டெனாக்கள் இருந்தால் அவற்றின் இரைச்சல் கேட்வேயின் காதை அடைக்கும், இடைவெளி விட்டு வையுங்கள், முடியாவிட்டால் நம் அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் கேவிட்டி ஃபில்டர் ஒன்று போடுங்கள்.

இன்னும் பணம் இருந்தால் பெரிய ஆன்டெனாவில் போடாமல் இரண்டாவது கேட்வேயில் போடுங்கள் என்பேன். லோராவானில் மீட்டர் எந்தக் கேட்வேக்கும் சொந்தமில்லை. அது பேசுவதை எந்தக் கேட்வே கேட்டாலும் சர்வருக்கு அனுப்பும், இரண்டு கேட்டால் இரட்டிப்பாக வந்ததில் ஒன்றைச் சர்வர் தள்ளிவிடும். சிக்கல் தெருவில் ஒரு விளக்குக் கம்பத்தில் சின்னதாக ஒன்று மாட்டியதில், மாடிக்குக் கேட்கவே கேட்காத சந்து வீடுகள் அப்படியே வந்தன. 'இந்தத் தொல்லையே வேண்டாம், என்பி-ஐஓடிக்கு மாறிவிடுங்கள்' என்று, அதாவது செல்போன் கோபுரம் வழியாகப் பேசும் மீட்டருக்கு மாறச் சொல்கிறவர்களுக்கு: அதன் எட்டும் திறன் அதிகம்தான், ஆனால் அங்கேயும் இரும்பு மூடி இரும்பு மூடிதான், குழிக்குள் தண்ணீர் தண்ணீர்தான்.

சாமானோடு வந்த மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. மீட்டருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி அல்லது சிவப்புப் புள்ளி, இவ்வளவுதான் காட்டுகிறது. நோயாளி இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் சொல்லும் வைத்தியர் மாதிரி. எங்களுக்கு வேண்டியது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம், எஸ்என்ஆர் என்பார்கள். எஸ்எஃப்12ல் அது மைனஸ் 20க்குக் கீழே போனால் கேட்காது, மைனஸ் 17, 18ல் தொங்கிக்கொண்டிருக்கும் மீட்டர் இன்றைக்குப் பச்சை, நாளைக்கு மழை வந்தால் சிவப்பு. அதை முன்கூட்டியே பார்க்க முடிந்தால் மழைக்கு முன்பே போய்த் தூக்கிக் கட்டிவிடலாமே. கேட்டோம், அடுத்த பதிப்பில் வரும் என்றார்கள். இப்போதைக்குச் சர்வரிலிருந்து நாங்களே அந்த எண்களை இறக்கி ஒரு எக்ஸெல் தாளில் போட்டுப் பார்க்கிறோம்.

மொத்தத்தில் காளானுக்கு ஐந்துக்கு நாலு, ஜெல் கனெக்டர் வகைக்கு மட்டும். மூடிக்கு ஐந்து. ஹை கெயினுக்கு மதிப்பெண் போடவில்லை, யாருக்காவது தாழ்வான கம்பம் இருந்தால் எங்களிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.

பட்டியலில் இன்னும் ஒரே ஒரு மீட்டர் மிச்சம். வீட்டுக்காரர் கார் ஏற்றுவதற்காகச் சாய்தளம் போட்டபோது குழியின் முக்கால் பாகத்தையும் சேர்த்துக் கான்கிரீட்டால் மூடிவிட்டார், மூடி கால்வாசிதான் திறக்கும், காளான் உள்ளே போகாது, ரேடியோவை வெளியே எடுக்கவும் முடியாது. மாதம் ஒருமுறை நான் போய்க் குப்புறப் படுத்து, கைப்பேசியை இடுக்கில் விட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருகிறேன். "வயர்லெஸ் மீட்டர்னு சொன்னீங்களே?" என்று அவர் ஒவ்வொரு முறையும் தவறாமல் கேட்கிறார்.